ஐஸ்கிரீம் டப்பாவில் தண்டால் எடுத்த பூச்சி

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவின் ஜோகூரில் குனோங் பூலாய் மலையின் அடிவாரத்து ஓடையில் உங்கள் ஏழு வயது மகன் ஒரு கல்லைப் புரட்டியிருக்கிறான். அடியில் தட்டையாக, மஞ்சளும் பழுப்புமாக, பின்னால் இரண்டு வால் நீட்டிக்கொண்டு ஒரு பூச்சி. உங்கள் வீட்டுக்காரர் "தண்ணிக் கரப்பான்" என்றார். பக்கத்தில் இளநீர் விற்றவரோ, "இந்தப் பூச்சி இருந்தா தண்ணிய அப்படியே அள்ளிக் குடிக்கலாம்" என்றார். தம்பியும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டான். அது என்ன பூச்சி, சிங்கப்பூரில் உண்டா, வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் "குடித்தது பரவாயில்லைதானே?" என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்து நடுங்கவும் வேண்டாம். ஒரு கை தண்ணீர் குடித்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காட்டு ஓடையில் எலியும் மற்ற விலங்குகளும் சிறுநீர் கழிக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் தண்ணீரில் கலக்கிறது. குடித்தால் மட்டுமல்ல, காலில் சிராய்ப்பு இருந்தாலும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் போனாலும் உள்ளே நுழையும். தொற்றிய பிறகு காய்ச்சலாகத் தெரிய 2 நாளிலிருந்து 30 நாள்வரை ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். நீங்கள் போய்வந்து பத்து நாள்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தம்பிக்குத் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடுமையான தலைவலி என்று எது வந்தாலும் உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். போனதும் "ஓடையில் குளித்தான், குடித்தான்" என்று நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டாக்டருக்கு முதலில் டெங்கிதான் ஞாபகம் வரும். நான் டாக்டர் இல்லை. மருத்துவமாக இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் 2010இல் பகாங்கில் லுபோக் யூ என்ற அருவிப் பக்கம் தேடுதல் பணிக்குப் போனவர்களிடையே எலிக்காய்ச்சலும், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் சேர்ந்து பரவி உயிர்கள் போன கதையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்லித்தான் காட்டுக்குள் அனுப்புவோம். பார்க்க அழகான அருவிதான் அதுவும்.

இனி பூச்சிக்கு வருவோம். நான் பட்டம் வாங்கிய பூச்சியியலாளன் இல்லை. இருபத்துமூன்று வருடம் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதி நாள் ஓடையில் இடுப்பளவு ஈரத்தில் வலை பிடித்தேன். மீதிப் பாதி வெள்ளைத் தட்டின் மேல் குனிந்து இடுக்கியால் புழு பொறுக்கினேன். அந்த அனுபவத்தில் உங்கள் இரண்டு படங்களையும் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியது, இது ஸ்டோன்ஃப்ளை என்ற வரிசையைச் சேர்ந்த பூச்சியின் இளம்பருவம், அதிலும் பெர்லிடே என்ற வேட்டைக் குடும்பம். "கல் ஈ" என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஈக்கு இரண்டு இறக்கை, இதற்கு நான்கு. ஈக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கல்லுக்கு அடியில் இருக்கும் என்பது மட்டும் சரி. வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை அப்படியே வைத்துக்கொள்வோம்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தம்பி கேட்டால் காட்டுங்கள். வால் இரண்டு. மீசை நீளம். முதுகில், இறக்கை முளைக்கப்போகும் இடத்தில் முன்னொரு ஜோடியும் பின்னொரு ஜோடியுமாகச் சின்னச் சின்ன மடிப்புகள். கால்கள் உடம்போடு சேரும் அக்குளில் வெள்ளை நூல் கொத்து மாதிரி தெரிகிறதே, அது செவுள். பக்கத்துக் கல்லிலேயே இருந்திருக்கக்கூடிய இன்னொரு பூச்சி மேஃப்ளை. அதற்குச் செவுள் வயிற்றின் இரு ஓரத்திலும் வரிசையாக இருக்கும், அக்குளில் இருக்காது. வால் பெரும்பாலும் மூன்று. "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மலை ஓடையிலிருந்து வந்த மாதிரியில் பதினோரு கல் ஈ என்று எண்ணி அட்டவணையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேலதிகாரி ஒரு பூச்சியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்க்கச் சொன்னார். காலின் நுனியில் ஒரே ஒரு நகம். கல் ஈக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் இருக்க வேண்டும். தட்டையான மேஃப்ளைகளில் சில வகைக்கு வால் இரண்டுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பதினொன்றில் எட்டு மேஃப்ளை. அன்றிலிருந்து வாலை நம்புவதை விட்டு நகத்தை எண்ணுகிறேன். உங்கள் படத்தில் நகம் தெரியவில்லை. அக்குள் செவுள் தெளிவாகத் தெரிவதால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரையும் கேலி செய்யாதீர்கள். இந்தப் பக்கத்துக் காட்டு ஓடைகளில் தண்ணீருக்குள் இறங்கி ஒளியும் கரப்பான்கள் உண்மையிலேயே இருக்கின்றன. கல்லைத் தூக்கினால் அதே வேகத்தில் ஓடும். ஆனால் கரப்பானின் தலை மேலே உள்ள தகட்டுக்கடியில் மறைந்திருக்கும், வால் குட்டை. உங்கள் பூச்சியின் தலை வெளியே அகலமாகத் தெரிகிறது.

இதற்குக் கீழே போய் எந்த இனம் என்று கேட்டால் கையை விரித்துவிடுவேன். நான் மட்டுமல்ல, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெப்பமண்டல ஆசியாவில் இந்தக் குடும்பத்தின் பெரிய பேரினம் நியோபெர்லா. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக நூற்றுக்கணக்கான இனங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருப்பதும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். இவற்றை இனம் பிரிக்க வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் பெண்ணின் முட்டை ஓட்டில் உள்ள வேலைப்பாட்டையும் பார்ப்பார்கள். இளம்பூச்சியின் படத்தை வைத்து இனப்பெயர் சொல்வது, ஒருவருடைய செருப்பைப் பார்த்துக் குலப்பெயர் சொல்வது மாதிரி.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி வேறு. பூச்சியை ஐஸ்கிரீம் டப்பாவில் ஓடைத்தண்ணீர் ஊற்றிப் போட்டதாகவும், கொஞ்ச நேரத்தில் அது கால்களை ஊன்றிக்கொண்டு உடம்பை மேலும் கீழும் ஆட்டியதாகவும், தம்பி "அம்மா, ஹலோ சொல்லுது" என்று குதித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அது ஹலோ இல்லை. அதற்கு மூச்சு முட்டுகிறது. ஓடும் தண்ணீரில் செவுளின் மேல் புதுத் தண்ணீர் தானாகவே வந்து மோதிக்கொண்டே இருக்கும். டப்பாவில் தண்ணீர் அசையாது. செவுளைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்த ஆக்ஸிஜனைப் பூச்சி உறிஞ்சி முடித்துவிடும். தண்ணீர் அசையாவிட்டால் தான் அசைந்தாவது புதுத் தண்ணீரைச் செவுளுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் தண்டால். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் அதை அப்படியேதான் சொல்வோம்: "தண்டால் எடுக்க ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம்." வெயிலில் காரின் பின்பக்கம் வாளியை வைத்துவிட்டு ரோட்டோரக் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், வாளிக்குள் நாலைந்து ஒரே நேரத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும். முதலில் நிமிடத்துக்குச் சில முறை. பிறகு வேகம் கூடும். பிறகு நின்றுவிடும். நின்றால் முடிந்தது. நீங்கள் படம் எடுத்ததும் திரும்ப ஓடையில் விட்டுவிட்டதாக எழுதியிருப்பது நல்ல காரியம்.

இந்தத் தண்டாலில்தான் இளநீர்க்காரர் சொன்னதற்கும் பாதிப் பதில் இருக்கிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரி குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்தான். இந்த வரிசைப் பூச்சிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஓடைகளில்தான் வகைவகையாகப் பெருகியிருக்கின்றன. நம் பக்கத்து மலையோடைகளில் அவை வாழ்வதே ஒரு விளிம்பு வாழ்க்கை. மரநிழல் போய்த் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி சூடாகிவிட்டால், அல்லது மேலே யாரோ கோழிப்பண்ணைக் கழிவைத் திறந்துவிட்டு, அதைத் தின்னும் பாக்டீரியா ஆக்ஸிஜனைக் காலி செய்துவிட்டால், முதலில் போவது இதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பகலில் பாசி ஆக்ஸிஜன் விடும். கருவியை மத்தியானம் தண்ணீரில் வைத்தால் எண் நன்றாகவே காட்டும். விடியற்காலை நாலு மணிக்குத்தான் உண்மை நிலவரம். அந்த நேரத்தில் ஓடைக்கரையில் கருவியோடு நிற்க யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? பூச்சி நிற்கிறது. எல்லா விடியற்காலையும் அங்கேயே நிற்கிறது. தண்ணீரில் பல மாதம் வளர்ந்து, பலமுறை தோலுரித்து, பிறகுதான் கரையேறும் பூச்சி இது. ஆகவே கல்லுக்கடியில் ஒரு முதிர்ந்த கல் ஈ இருக்கிறதென்றால் கடந்த பல மாதங்களில் ஒரு இரவுகூட அந்த ஓடை மூச்சுவிடாமல் நின்றதில்லை என்று பொருள். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துப்போய் ஆய்வு செய்தால் இது தெரியாது.

அதனால்தான் உலகம் முழுவதும் ஓடை மதிப்பீட்டில் இதற்கு உச்ச மதிப்பெண். பிரிட்டனில் உருவான பழைய மதிப்பெண் முறையில் பெர்லிடே குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து. சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களின் குடும்பத்துக்கு 2. மண்புழுவின் தண்ணீர் உறவுகளுக்கு 1. நம் சிங்கப்பூர் ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் என்றே அளவு திருத்தி சிங்ஸ்கோர் என்ற முறை 2014இல் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் வந்தது. அடிப்படை யோசனை அதேதான்: யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து வீட்டை மதிப்பிடுவது.

ஆனால் பூச்சி எதைச் சொல்லாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி அதைத் தொடுவதில்லை. மேலே காட்டுப்பன்றி செத்துக் கிடந்தாலும், ஓடை வேகமாக ஓடி ஆக்ஸிஜன் குறையாமல் இருந்தால் பூச்சி கவலையின்றி இருக்கும். தண்ணீரில் அமிலம் ஏறினால் மேஃப்ளைகள் போன பிறகும் கல் ஈக்களில் பல தாக்குப்பிடிக்கும். சில உலோகங்களும் அப்படித்தான். பூச்சிமருந்து என்றால் மட்டும் இதற்கு ஆகவே ஆகாது. ஆகவே இளநீர்க்காரர் சொன்னதில் முதல் பாதி சரி, நல்ல ஓடை. இரண்டாம் பாதி தவறு. அந்த ஓடையின் "சுத்தம்" பூச்சியின் சுத்தம். நம் வயிற்றின் சுத்தம் வேறு. இதே குனோங் பூலாய்த் தண்ணீரை நம் தாத்தாக்கள் குடித்திருக்கிறார்கள். 1927இல் சிங்கப்பூர் நகராட்சி ஜோகூர் சுல்தானோடு ஒப்பந்தம் போட்டு அங்கிருந்துதான் முதன்முதலாக வெளியூர்த் தண்ணீரைக் கொண்டுவந்தது. பிறகு 1961இல் போட்ட ஒப்பந்தத்தின் காலம் 2011இல் முடிந்து அந்த இடம் ஜோகூரிடம் திரும்பிப் போனது. அப்போதும் அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகுதான் குழாயில் வந்தது.

வேட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தம்பிக்கு இது பிடிக்கும். ரொம்பச் சின்னதாக இருக்கும்போது பாசியும் இலைத்தூளும் மேயும். கொஞ்சம் வளர்ந்ததும் சுத்த அசைவம். பகலில் கல்லுக்கடியில் படுத்திருக்கும், இருட்டியதும் கிளம்பும். கண்ணை அதிகம் நம்புவதில்லை. மீசையால் தடவிக்கொண்டே போகும், இரை அசையும்போது தண்ணீரில் எழும் சிறு அதிர்வையும் பிடித்துக்கொள்ளும். மேஃப்ளைக் குஞ்சு, கொசுவின் உறவுக்காரப் புழுக்கள், கருப்பு ஈயின் புழு எல்லாம் இரை. பெரும்பாலும் மென்று தின்பதில்லை, முழுசாக விழுங்கிவிடும். செத்த ஒன்றின் குடலை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிரித்தால், பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னத் தொப்பிகள் உதிரும். தின்ற புழுக்களின் தலை ஓடுகள். உடம்பு செரித்துவிடும், தலை ஓடு செரிக்காது. ஒரே குடலில் பத்தொன்பது தொப்பிகளை எண்ணிய நாள் ஒன்று எனக்கு உண்டு. அன்று மதியம் நாசி பிரியாணி இறங்கவில்லை.

இது தின்னாமலே செய்யும் காரியம் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் பார்பரா பெக்கார்ஸ்கி என்ற ஆய்வாளர் கொலராடோ மலையோடைகளில் பல வருடம் இதைப் பார்த்தார். கல் ஈ நெருங்கினால் ஒருவகை மேஃப்ளை தேள் மாதிரி வாலை முதுகுக்கு மேல் வளைத்துக் காட்டும். வேறு வகைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி ஒளியும். ஒளிந்துகொண்டே இருந்தால் எப்படிச் சாப்பிடுவது? கல் ஈயின் வாய்க்கு அகப்படாதவையும் இளைத்து, சின்ன உடம்போடு கரையேறி, குறைவாக முட்டையிட்டன என்று 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். தெருவில் ஒரு ரவுடி இருந்தால் அடிவாங்காதவர்களும் ஏழரை மணிக்கே கதவைச் சாத்துவார்கள் இல்லையா, அந்தக் கதைதான். உங்கள் மகனின் விரலை அது கடிக்குமா என்றால், அழுத்திப் பிடித்தால் தாடையைத் திறக்கலாம், விஷம் கிடையாது. என்னை ஒன்றும் கடித்ததில்லை.

சிங்கப்பூரில் உண்டா? உண்டு. மிகச் சில இடங்களில், மிகக் குறைவாக. காப்புவனத்துக்குள் இன்னும் மண்ணிலும் கல்லிலும் ஓடும் ஓடைகளில்தான். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான் உயரம் என்றாலும் அதன் சரிவில் கருங்கல் மேல் வழியும் ஓடைகள் இருக்கின்றன. நீ சூன் சதுப்புக்காட்டில், நம் நாட்டில் எஞ்சியிருக்கும் கடைசிப் பெரிய நன்னீர்ச் சதுப்புக்காடு அது, கல்லே அபூர்வம், மணலும் இலையும்தான். அங்கே நான் பார்த்த ஒன்றிரண்டும் தண்ணீரில் தொங்கும் வேர்ப்பின்னலிலும், கிளை தடுத்து அடைந்துகிடந்த இலைக்குவியலிலும்தான் இருந்தன. நாலு மணி நேரம் வலை போட்டு ஒன்று கிடைத்தால் அன்றைக்கு மழை வரும் என்போம்.

"நம்ம ஊர்த் தண்ணி அவ்வளவு மோசமா?" என்று பலர் கேட்பார்கள். இல்லை. காலாங் ஆற்றை 1977இலிருந்து 1987வரை பத்து வருடம் முனைந்து சுத்தம் செய்தார்கள். சின்ன வயதில் அந்த நாற்றத்தை மூக்கில் வாங்கியவன் நான், வித்தியாசம் எனக்குத் தெரியும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, புல்லும் கல்லும் வளைவுமாக ஆறாகவே மாற்றி 2012இல் திறந்தார்கள். நீர்நாய்க் குடும்பம் நீந்துகிறது, மீன் இருக்கிறது, தும்பி பறக்கிறது. கல் ஈ வராது. தண்ணீர் அழுக்கு என்பதால் அல்ல. வெட்டவெளி வெயிலில் தண்ணீர் சுடுகிறது. மழை பெய்த சில நிமிடத்தில் ஊரெல்லாம் உள்ள லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய்த் தண்ணீர் சேர்ந்து ஆற்றைத் துடைத்துப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வருவதற்கு வழியில்லை. வளர்ந்த கல் ஈ பறப்பதில் மகா மட்டம். இறக்கை இருந்தும் கல்லின் மேல் ஓடவே விரும்பும். சாப்பாடும் கிட்டத்தட்ட இல்லை, சில நாள் முதல் ஓரிரு வாரம்தான் ஆயுள். காட்டுக்குள் இருக்கும் ஓடைக்கும் பூங்காவில் இருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீர்த்தேக்கம், விரைவுச்சாலை, தெருவிளக்கு, வீவக அடுக்குமாடி புளோக்குகள். விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றியே செத்துவிழும். ஒரு குடும்பம் அறுந்தால் இன்னொன்று வந்து குடியேற முடியாத தீவு வாழ்க்கை.

இதே கதை நம் நன்னீர் நண்டுக்கும் உண்டு. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்று பெயர். 1986இல் விலங்கியலாளர் பீட்டர் இங் விவரித்தார். உலகத்தில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் கிடையாது. கண்டுபிடித்த புக்கிட் தீமா ஓடையிலேயே பிறகு குறைந்துபோனது. தண்ணீர் அமிலமாகிக்கொண்டு வந்ததைக் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். சில குன்று, சில ஓடை, அவ்வளவுதான் அதன் நாடு.

அபூர்வம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கும் ஒரு உதாரணம். பிரிட்டனில் ஐசோஜீனஸ் நியூபெகுலா என்று ஒரு வேட்டைக் கல் ஈ 1995க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அந்த நாட்டில் அழிந்தே போனது என்று பலர் நினைத்தார்கள். 22 வருடம் கழித்து 2017இல் வேல்ஸின் டீ ஆற்றில் மறுபடி அகப்பட்டது. தேடுகிறவர்கள் குறைவு என்பதாலும் ஒன்று அபூர்வமாகத் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாயில் 1860 வாக்கில் சேகரித்த அல்லோபெர்லா ராபர்ட்டி என்ற இனம் அதற்குப் பிறகு எவர் வலையிலும் விழவில்லை. அழிந்த பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலும் பனியாறு உருகி வரும் தண்ணீரில் வாழும் லெட்னியா டுமானா என்ற கல் ஈ, பனியாறே கரைகிறது என்பதால் 2019இல் அமெரிக்காவின் ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. அதுவும் தலையோடைப் பூச்சிதான், ஆறு பிறக்கும் உச்சி ஓடையில் வாழ்வது. ஆறு நெடுக ஓடினால் மேலே போய்த் தப்பலாம். தலையோடையில் இருக்கிறவனுக்கு அதற்கு மேலே ஓடை இல்லை.

வீட்டில் வளர்ப்பதைப் பற்றி. வேண்டாம். முதலாவது சட்டம். நம் காப்புவனங்களிலிருந்து தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுக்கக்கூடாது. ஜோகூரிலிருந்து உயிருள்ள பூச்சியைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். இரண்டாவது, சட்டமே இல்லையென்றாலும் அது பிழைக்காது. நம் குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் குளோரமைன் கலக்கிறார்கள். ஒரு ராத்திரி வாளியில் பிடித்துவைத்தால் போய்விடும் என்று மீன் வளர்ப்பவர்கள் சிலர் நினைப்பது பழைய குளோரின் கணக்கு, குளோரமைன் அவ்வளவு சுலபத்தில் போகாது. உலகத்தில் நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர்களில் ஒன்று நம் குழாய்த் தண்ணீர். கல் ஈக்கு அது விஷம். மருந்து போட்டு அதை நீக்கினாலும், தொட்டியில் தண்ணீர் 29 டிகிரி, 30 டிகிரி, ஓட்டம் இல்லை. நான் ஒருமுறை ஏர்கான் அறையில், காற்று பம்பும் சுழற்சி மோட்டாரும் வைத்து மூன்றை வைத்துப் பார்த்தேன். முதல் இரவு மூன்றும் கல்லுக்கடியில் இருந்தன. மூன்றாம் நாள் காலை இரண்டுதான் இருந்தன, மூன்றாவதைக் காணோம். இரண்டில் ஒன்றின் வயிறு நன்றாக உப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை யாரோ மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குப் பதிலாகத் தம்பிக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வளர்ந்த இளம்பூச்சி ஒரு ராத்திரியில் தண்ணீரைவிட்டு ஏறி, பாறையிலோ மரவேரிலோ நகத்தால் பிடித்துக்கொண்டு, முதுகு பிளந்து, இறக்கையோடு வெளியே வரும். கூட்டுப்புழுப் பருவம் கிடையாது, நேராகவே வெளியேற்றம். பழைய சட்டை பாறையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சிள்வண்டு மரத்தில் சட்டையை விட்டுப் போகுமே, அதே மாதிரி, இன்னும் சின்னதாக. பாறையின் நிழல் பக்கத்தில், தண்ணீர்க்கோட்டுக்கு ஒரு சாண், இரண்டு சாண் மேலே தேடச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் போனால் இருக்காது, அடித்துப்போய்விடும். இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் இருந்தால் கிடைக்கும். ஊரில் கனமழை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், மேலே பெய்த மழை கீழே சொல்லாமல் வரும். சட்டையைப் பறிக்க வேண்டாம்; பக்கத்தில் ஒரு பத்துக்காசு நாணயத்தைப் பிடித்து அளவு தெரிய ஒரு படம் எடுக்கட்டும். கல்லைப் புரட்டினால் புரட்டிய மாதிரியே திரும்ப வைக்கச் சொல்லுங்கள், அடிப்பக்கம் அடியிலேயே போக வேண்டும். டப்பாவில் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், அரை நிமிடம், ஒரு படம் மேலிருந்து, கண்ணாடி டப்பாவாக இருந்தால் ஒரு படம் அடியிலிருந்து. தண்டால் ஆரம்பித்தால் உடனே ஓடைக்குள். அடியிலிருந்து எடுத்த படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், நகத்தை எண்ணிச் சொல்கிறேன்.